மீன்கொத்தி வந்துபோன பக்கம்

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நான் வீணாக்குவதில்லை. துணிக்கடையில் கொடுக்கும் பையைக்கூட மடித்துவைத்து, கைப்பிடி அறும்வரை உபயோகிப்பேன். என் தங்கை கேலி செய்வாள். செய்யட்டும். அவள் வீட்டில் ஒரு கத்தரிக்கோல் தேட அரைநாள் ஆகும். என் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம்.

அதனால், காகிதம் கேட்ட என்னிடம் நீங்கள் மடிக்கணினியைத் தள்ளிவைத்து, "உங்களுக்குப் பழக்கமானதுதானே டீச்சர், இதுலயே அடிச்சிடுங்க" என்றபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அதே இலவசக் கருவி. அதே வெள்ளைப் பக்கம். வலது மேல்மூலையில் இரண்டு பச்சை வட்டங்கள். ஒன்று நான். இன்னொன்று நீங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நான் அடிப்பதை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குக் கூச்சமில்லை. ஒருவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே என் கட்சி.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரைப் பாடம் எடுப்பவள். போன வருடம்வரை அது சந்தைக்கடை. ஒருத்தன் எழுதுவான், பத்துப் பேர் பார்த்து எழுதுவார்கள், மீதிப் பேர் விட்டத்தைப் பார்ப்பார்கள். பிறகு தலைமையாசிரியை ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்து, இனிமேல் எல்லாப் பாடமும் டேப்லெட்டில்தான் என்று சொன்னார். மற்ற ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். நான் கற்றுக்கொண்டேன். வீட்டுப்பாடத்தை ஞாபகப்படுத்தும் நாள்காட்டி, கை தூக்காமலே ஓட்டுப் போடும் பலகை, நேரம் முடிந்ததும் மணியடிக்கும் கடிகாரம் என்று இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பொதுப் பக்கம். ஒரே பக்கத்தில் மொத்த வகுப்பும் அவரவர் டேப்லெட்டிலிருந்து எழுதலாம். கட்டுரைக்கு அவரவருக்குத் தனிக் கட்டம், முடித்து அனுப்பும்வரை மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது; பக்கத்தின் அடி மட்டும் எல்லோருக்கும் பொது. யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயர் மூலையில் பச்சை வட்டமாகத் தெரியும். ஓரத்தில் கமெண்ட் போடலாம். மாலையில் பெற்றோர்கள் வீட்டிலிருந்து போனில் திறந்து, பிள்ளை என்ன எழுதியது என்று படிக்கலாம்.

பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். எங்கள் கம்ப்யூட்டர் சார் நல்ல மனிதர், சட்டைப் பையில் எப்போதும் திருப்புளி வைத்திருப்பவர். அவர்கூடச் சொன்னார், "மிஸ், நீங்க போற வேகத்துக்கு அடுத்த வருஷம் எனக்கு இங்க நாற்காலி இருக்காது போல." சிரித்தோம். நான் நன்றாகவே சிரிப்பேன். யார் என்ன சொன்னாலும்.

அந்தக் கருவியில் இன்னொரு வசதி இருந்தது. யாரும் அதைத் தேடிப் போவதில்லை. நான் மெனுவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற ஆள் என்பதால் கண்ணில் பட்டது. பழைய வடிவங்கள் என்று பெயர். அதைத் தொட்டால், பக்கம் ஆரம்பத்திலிருந்து எப்படி வளர்ந்தது என்று படம்போல ஓடும். யார் என்ன எழுதினார்கள் என்பது மட்டுமல்ல. யார் எதை எழுதி, உடனே அழித்தார்கள் என்பதும் வரும். பிள்ளைகளின் டேப்லெட்டில் இது தெரியாது. பக்கத்தின் உரிமையாளருக்கு மட்டும்தான். உரிமையாளர் நான்.

இதைப் பிள்ளைகளிடம் மறைத்தீர்களா என்று நேற்று கேட்டீர்கள். மறைக்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

'எனக்குப் பிடித்த ஆசிரியர்' என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர் என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். எல்லாம் அன்பு, கனிவு, இரண்டாவது தாய் என்று. வீட்டுக்கு வந்து, திருத்துவதற்காகப் பழைய வடிவங்களை ஓடவிட்டேன். ஓரிடத்தில் ஒரு வரி முளைத்தது. 'இந்த மிஸ் சிரிக்கும்போது கண்ணு சிரிக்காது.' கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு பின்பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக மறைந்தது. அந்த இடத்தில், 'எங்கள் மிஸ் நன்றாகப் பாடம் நடத்துவார்' என்று வந்தது.

நான் எழுந்து போய்க் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை. எழுதியது யார் என்பது இங்கே முக்கியமும் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் நான் திருத்தியதெல்லாம் பிள்ளைகள் எனக்குக் காட்ட விரும்பியதை. அவர்கள் நிஜமாக நினைத்தது இங்கே இருக்கிறது, அழித்த இடத்தில்.

அதன் பிறகு எழுதியதைப் படிப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டேன். அழித்ததை மட்டும் படித்தேன்.

எங்கள் வகுப்பில் ஒருவன், வாயை மூடவே மாட்டான், அதனால் அவன் பெயர் ரேடியோ. 'என் வீடு' என்ற கட்டுரையில் அவன், 'அப்பா இப்ப எங்ககூட இல்ல, எங்க இருக்காருன்னு அம்மா சொல்றதில்ல' என்று எழுதி, அழித்து, 'என் தந்தை வெளியூரில் உயர்ந்த பணியில் இருக்கிறார்' என்று போட்டிருந்தான். வகுப்புத் தலைவியைக் கேப்டன் என்பார்கள். கெட்டிக்காரி, குரலில் அதிகாரம் உண்டு. அவள் நட்பைப் பற்றி எழுதும்போது, 'அவளை கணக்கு சொல்லித் தருவாள்னுதான் கூட வச்சிருக்கேன்' என்று அடித்துவிட்டு அழித்திருந்தாள். அந்த 'அவள்' பக்கத்திலேயே உட்கார்ந்து, 'என் உயிர்த்தோழி கேப்டன்' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பொய் எனக்குப் பிடிக்காது மேடம். கட்டுரையில் பொய் எழுதுகிற பிள்ளை நாளைக்கு வாழ்க்கையிலும் அதைத்தான் செய்யும். ஆனால் ஓர் ஆசிரியை நேரடியாகப் போய், நீ அழித்ததைப் படித்தேன் என்று சொல்ல முடியுமா. மரியாதையாக இருக்காது.

அப்போதுதான் மீன்கொத்தி வந்தது.

அந்தக் கருவியில் யார் வேண்டுமானாலும் லிங்க் இருந்தால் பெயர் சொல்லாமல் உள்ளே வரலாம். அப்படி வருகிறவருக்கு அதுவே ஒரு பறவையின் பெயரை வைத்துவிடும். ஒருநாள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடியே, என் போனில் என் கணக்கிலிருந்து வெளியேறி, பெயரில்லாமல் நுழைந்து பார்த்தேன். மீன்கொத்தி என்று வந்தது. அதற்குப் பிறகு அந்தப் போனில் எப்போது அப்படி நுழைந்தாலும் மீன்கொத்திதான். அழகான பறவை. தண்ணீருக்கு மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். உள்ளே அசைவது அதற்கு மட்டும் தெரியும்.

மீன்கொத்தி ரேடியோவின் கட்டுரையின் ஓரத்தில் ஒரு கமெண்ட் போட்டது. அவன் அழித்த வரி. கூட்டாமல், குறைக்காமல். அவ்வளவுதான்.

ரேடியோ அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது.

அடுத்து கேப்டன். கணக்குத் தோழி எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். கேப்டன் முகம் சிவந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவர்களுக்குப் பழைய வடிவங்கள் பற்றித் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான். ஆகவே எல்லோரும் எல்லோரையும் பார்க்க ஆரம்பித்தார்கள். டேப்லெட்டைச் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸால் சுவர் கட்டினார்கள். ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் தட்டினார்கள். கழிப்பறைக்குப் போகிறவன் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். காப்பியடிப்பது நின்றது. கிசுகிசு நின்றது. சாப்பாட்டு இடைவேளையில்கூடச் சத்தமில்லை. மதிப்பெண் ஏறியது. நீங்கள் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன மிஸ், மந்திரம் போட்டீங்களா?" என்றார்.

"எல்லாம் கருவியோட பலன் மேடம்," என்றேன்.

இதை நான் தங்கையிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். பறவையைப் பற்றி இல்லை, அமைதியைப் பற்றி. அவள் சிரித்துக்கொண்டே, "அக்கா, உன்னை எனக்குத் தெரியாதா? உனக்குக் கண்ணு சாவித் துவாரத்துலதான் இருக்கும். பாவம் அந்தப் பசங்க," என்றாள். அவளுக்கு எப்போதும் விளையாட்டுத்தான்.

இனி அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் கர்சர் இங்கே வந்து நிற்கிறது.

அவளை வகுப்பில் ஜன்னல் என்று கூப்பிடுவார்கள். கடைசி வரிசையில், ஜன்னலை ஒட்டி உட்காருவாள். மழை வந்தாலும் அதைச் சாத்தவிடமாட்டாள். "கொஞ்சம் திறந்திருக்கட்டும் மிஸ்" என்பாள், அடக்கமாகத்தான், ஆனால் விடமாட்டாள். அம்மா தையல்காரர். அப்பா இல்லை. அதிகம் பேசமாட்டாள், கேட்டால் நேராகப் பதில் சொல்வாள். எழுதுவதும் அப்படித்தான். முதலில் வெளியே பார்த்து நன்றாக யோசிப்பாள். பிறகு டேப்லெட்டைத் தொடுவாள். எழுதியதை அழிக்கவே மாட்டாள்.

பிரச்சினை அங்கேதான் வந்தது. அழிக்காதவளின் கட்டுரையில் மீன்கொத்திக்கு என்ன வேலை? வகுப்பில் ஒவ்வொருவராகக் கொத்துப்பட்டார்கள். அவள் மட்டும் படவில்லை. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லையே. எல்லோரையும் கொத்தியது, இவளை மட்டும் ஏன் கொத்தவில்லை? கடைசி வரிசையில் இருந்து பார்த்தால் எல்லோருடைய திரையும் தெரியும். சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார்கள்.

முதலில் அவள் பெஞ்சு காலியானது. பிறகு ஜன்னல் என்ற பெயர் போய் மீன்கொத்தி ஆயிற்று. அவள் வரும்போது ரேடியோ, "அமைதி, அமைதி, பறவை வருது, வாயை மூடுங்க," என்பான். அவனுக்குத் திரும்பப் பேச்சு வந்துவிட்டிருந்தது. அவள் உட்காருகிற இடத்தில் காகித மீன்கள் கிடக்கும். அவள் எடுத்து, கசக்காமல், மேசையின் ஓரத்தில் அடுக்கிவைப்பாள்.

நாள் முடிவில் டேப்லெட்டுகளைச் சேகரித்து, மாடியில் பழைய கம்ப்யூட்டர் அறையில் இருக்கும் அலமாரியில் சார்ஜ் போட வேண்டும். முன்பு முறை வைத்துச் செய்தார்கள். கேப்டன் அதை இவள் தலையிலேயே கட்டினாள். நான் தலையிடவில்லை. வகுப்புப் பொறுப்புகளை மாணவர்களே பிரித்துக்கொள்வது தலைமைப் பண்பை வளர்க்கும்.

அவள் அம்மா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. கழுத்தில் அளவு நாடா. எடுக்க மறந்து வந்திருந்தார்.

"ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுறா டீச்சர். அழற பொண்ணே இல்ல அவ. வேற ஸ்கூல் பார்ப்போமாங்குறா. நடு வருஷத்துல யாரு சேர்த்துப்பாங்க? படிப்பே நின்னுடும் போல இருக்கு," என்றார். பிறகு, "அது நான் இல்லைங்குறா. என் பொண்ணு பொய் சொல்லமாட்டா. நீங்க ஒரே ஒரு வார்த்தை பசங்ககிட்ட சொல்லுங்க, அவ இல்லன்னு. உங்க வார்த்தைக்கு மறுவார்த்தை இருக்காது," என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொன்னேன். மறுநாள் வகுப்பில், ஆதாரம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படக் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். சொல்லும்போது என் பார்வை கடைசி வரிசையில் இருந்தது என்று கேப்டன் உங்களிடம் சொன்னாளாமே. இருக்கலாம். எங்கேயாவது பார்த்துத்தானே பேச வேண்டும்.

அந்த வாரக் கடைசிக்குள் அவள் என்னைத் தேடி வந்தாள். ஆசிரியர் அறையில் நான் மட்டும் இருந்தேன். கதவை அவள் சாத்தவில்லை. அதை ஒரு காலால் பிடித்தபடியே நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"மீன்கொத்தி உள்ள வரும்போதெல்லாம் உங்க பச்சை வட்டம் போயிடுது. அது போனதும் உங்க வட்டம் வந்துடுது. ரொம்ப நாளா பார்த்துட்டு இருக்கேன் மிஸ். ஒரு தடவைகூட ரெண்டும் சேர்ந்து இருந்ததில்ல."

கேள்வி எதுவும் இல்லை, கவனித்தீர்களா. கேட்கலாமா என்று ஆரம்பித்தாள், ஆனால் கேட்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி மட்டும் திரையின் மூலையைப் பார்த்திருக்கிறாள். ஒரே போனில் வெளியேறி உள்ளே நுழைவது என்னுடைய சோம்பல். இன்னொரு போன் எடுத்து வந்திருக்கலாம்.

நான் சிரித்தேன். "நெட்வொர்க் கோளாறும்மா. சார்கிட்ட சொல்றேன். இதை வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல மிஸ்," என்றாள். "என்கிட்டதான் யாரும் பேசறதில்லையே."

அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை இல்லை, கண்ணை.

ஆமாம். அந்த வரியை எழுதியது அவள்தான். வருடம் முழுக்க அவள் அழித்தது இரண்டே இரண்டு. ஒன்று என் சிரிப்பைப் பற்றியது. அதற்கும் பிறகு நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இரண்டாவது, 'நான் பயப்படுவது' என்ற தலைப்பில். 'பூட்டிய அறை. சின்ன வயசுல ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். மூச்சு நின்னுடும்னு தோணும்' என்று எழுதியிருந்தாள். அழித்து, பாம்பு என்று போட்டாள். இதையும் நான் படித்திருந்தேன், மற்றவர்களுடையதைப் படித்ததுபோலவே. எல்லோரையும் சமமாக நடத்துவது என் வழக்கம்.

அவள் வந்து போன மறுநாள் மீன்கொத்தி ஒரு கமெண்ட் போட்டது. எந்தக் கட்டுரைக்கு நேராகவும் இல்லை. பக்கத்தின் அடியில், பொதுவாக. 'ஒருத்தருக்குப் பூட்டிய அறை என்றால் மூச்சு நின்றுவிடும்.' பெயர் போடவில்லை. கவனியுங்கள், நான் ஒருபோதும் யார் பெயரையும் போட்டதில்லை.

இதை ஏன் செய்தீர்கள் என்றால், நியாயமாகச் சொல்கிறேன், அவளுக்கு உதவத்தான். அவளைப் பற்றியும் மீன்கொத்தி எழுதினால் அவள் மீன்கொத்தி இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? அப்படித்தான் என் கணக்கு இருந்தது. பிள்ளைகள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது?

யாருடைய பயம் அது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை. மழையிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பவள் யார்? டேப்லெட் வைக்கப் போகும்போது பழைய அறையின் கதவுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு வைப்பவள் யார்? பொதுப் பக்கத்தின் அடியில் அன்றைக்கு ரேடியோ ஒரு வரி எழுதி அழித்தான். 'இன்னிக்கு அந்த நாற்காலியை எடுத்துடலாம்.' கேப்டன் கீழே 'சரி' என்று எழுதி அழித்தாள்.

படித்தேன். பாடம் முடிவதற்கு முன்பே படித்தேன். ஆனால் அழித்துவிட்டார்களே. அழித்தால் மனம் மாறிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம். பிள்ளைகள் நினைப்பதையெல்லாம் செய்துவிடுவதில்லை. ஓர் ஆசிரியைக்கு மாணவர்கள்மேல் நம்பிக்கை வேண்டும்.

கடைசி மணி அடித்து, பள்ளி காலியாகிவிட்டது. வெயில் தாழ்ந்திருந்தது. ஆசிரியர் அறையில் நான் பொதுப் பக்கத்தைத் திறந்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். என் பச்சை வட்டம் மட்டும் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று வந்தது. அவளுடையது. பக்கத்தின் அடியில் எழுத்துகள் வந்தன. வழக்கம்போல யோசித்து இல்லை. வேகமாக, ஒற்றுப்பிழையோடு.

'மிஸ் பழைய ரூம்ல இருக்கேன் வெளிய பூட்டிட்டாங்க கதவை திறங்க'

பிறகு, 'மிஸ் உங்க வட்டம் தெரியுது'

பிறகு, 'இருக்கீங்கன்னு தெரியும் மிஸ்'

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அது பொதுப் பக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெற்றோர்கள் வேலையிலிருந்து திரும்பி, போனில் அதைத் திறப்பார்கள். பள்ளியைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நான் எழுந்து, சாவி எங்கே இருக்கும் என்று யோசிக்கக்கூடச் செய்தேன். அப்போது அவள் இன்னொரு வரி எழுதினாள்.

'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மிஸ் சத்தியமா'

அதைத்தான் அவள் எழுதியிருக்கக் கூடாது. சொல்லமாட்டேன் என்றால், சொல்ல ஏதோ இருக்கிறது என்றுதானே படிப்பவர்களுக்குத் தோன்றும்.

அந்த நான்கு வரிகளையும் அழித்தேன். அவள் மறுபடி எழுதாமல் இருக்க, அந்தப் பக்கத்தில் அவளுக்கு இருந்த அனுமதியை நீக்கினேன். ஒரே ஒரு தட்டல். அவள் திரையில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரிடம் கேளுங்கள்.' கீழே ஒரு பொத்தான் இருக்கும். பள்ளி டேப்லெட்டில் அதைத் தவிர வேறு எதையும் திறக்க முடியாது. கவனம் சிதறக் கூடாது என்று கம்ப்யூட்டர் சாரிடம் நான்தான் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன். அலமாரியில் இருந்த மற்ற டேப்லெட்டுகளுக்கு அவரவர் கடவுச்சொல். அதுவும் என் ஏற்பாடுதான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். என் போனுக்கு அறிவிப்பு வந்தது, உங்கள் பக்கத்துக்கு அனுமதி கேட்கிறார் என்று. நான் பையை எடுத்துக்கொண்டேன். இன்னொன்று வந்தது. மாடிப்படிக்குக் கீழே போகும்போது மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. விளையாட்டுப் பிள்ளைகள் பந்து தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மைதானம் மறுபக்கம் இருக்கிறது என்று சொல்லப்போகிறீர்கள். என் ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. மாடி ஏறுவதென்றால் சிரமம். வாட்ச்மேன் எப்படியும் சுற்றி வருவார்.

பேருந்தில் அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சத்தத்தை அணைத்துவைத்தேன். வீட்டு நிறுத்தத்தில் இறங்கும்போது பார்த்தேன், புதிதாக எதுவும் வரவில்லை. அப்பாடா, யாரோ திறந்துவிட்டார்கள், வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் அம்மா கூப்பிட்டார்.

"டீச்சர், பொண்ணு இன்னும் வரல. ஸ்பெஷல் கிளாஸ் எதாவது இருக்கா?"

"இல்லையேம்மா. மணி அடிச்சதும் கிளம்பிட்டாளே. ஃபிரெண்ட்ஸோட எங்கயாவது போயிருப்பா," என்றேன்.

"ஃபிரெண்ட்ஸா?" என்றார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவளுக்கு ஃபிரெண்ட்ஸ் யாரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பண்பாக ஒருவரிடம் பேசும்போது அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் நேராகப் பள்ளிக்குப் போய்விட்டார். வாட்ச்மேனை எழுப்பி, அறை அறையாகத் திறக்கவைத்திருக்கிறார். மேலே என்ன பார்த்தார்கள் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். சுவரின் உச்சியில் ஒரு சின்னக் காற்றுப்போக்கி. அதை எட்டுவதற்காகப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறியிருக்கிறாள். அடுக்கு சரிந்து அவள்மேல் விழுந்துவிட்டது. கதவைத் திறந்தபோது மூச்சு இல்லையாம். அந்தப் பெட்டிகள் கனமானவை. பல வருடங்களாக அப்புறப்படுத்தச் சொல்லி நான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதில் நிர்வாகத்தின் பொறுப்பும் இருக்கிறது.

ரேடியோவும் கேப்டனும் பூட்டியதை ஒப்புக்கொண்டு அழுதார்கள். சும்மா கொஞ்ச நேரத்துக்குத்தான், வாட்ச்மேன் திறந்துவிடுவார் என்று நினைத்தோம் என்றார்கள். நானும் அதையேதான் நினைத்தேன். குழந்தைகளை நீங்கள் நம்பினீர்கள். என்னை நம்பவில்லை.

என்னை எப்படிப் பிடித்தீர்கள் என்பதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எதை அழித்தாலும் பழைய வடிவத்தில் இருக்கும் என்று அந்தப் பள்ளியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் இத்தனை மாதமும் நான் ஓடவிட்டுப் பார்த்ததெல்லாம் பிள்ளைகள் அழித்ததை மட்டும்தான். உரிமையாளர் செய்வதும் அதே ஓரத்தில், அதே கருவியால், இலவசமாகவே எழுதிவைக்கப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்ப்யூட்டர் சார்தான் பள்ளியின் நிர்வாகக் கணக்கு வழியாக உங்களுக்குத் திறந்து காட்டினாராம். பிறகு என்னிடம் வந்து, திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "மிஸ், அவ பர்மிஷனை எடுத்தது நீங்கதானா? கை தவறிப் பட்டுச்சுன்னு சொல்லிடுங்களேன் மிஸ்," என்றார். பாவம், நல்ல மனிதர்.

கை தவறவில்லை. அதைத்தானே நீங்கள் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிடுகிறேன். மீன்கொத்தி நான். அவளைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்தே விட்டேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு, அவளுடைய பயத்தை வகுப்புக்குக் காட்டிக்கொடுத்தேன். அவள் உள்ளே இருப்பது தெரிந்து, கேட்பது தெரிந்து, அனுமதியை எடுத்தேன். அவள் அம்மாவிடம் பொய் சொன்னேன். கதவை மட்டும் நான் பூட்டவில்லை.

அனுமதி கேட்டு வந்த அறிவிப்புகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை என்பதை நீங்கள் பார்க்கலாம். பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படித்துப் பார்த்துவிட்டேன். எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். அவள் அம்மாவைப் பற்றி எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, உடனே அழித்துவிட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் எங்கே போய்த் தேடுவது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். அது இந்த வழக்கைச் சேர்ந்தது இல்லை, என் சொந்த விஷயம். ஒருவர் எழுத வேண்டாம் என்று முடிவு செய்து அழித்ததை இன்னொருவர் தோண்டி எடுத்துப் படிப்பது நாகரிகம் இல்லை. இதை நான் என் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.